ஒரு குருதி, மூன்று உயிர்

திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் கொண்ட விருத்தாசலம், மணிமுத்தாற்றங்கரையின் தொன்மைக்கு மட்டுமன்றி, மண்ணுக்கும் பெயர்பெற்ற ஊராகும். வெண்களிமண்ணைக் குழைத்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையில் சுட்டு, அகல்விளக்கும் பொம்மையும் ஜாடியும் மின்சாரச் சாதனங்களுக்குரிய பீங்கான் உறுப்புகளுமாக வெளியூர்களுக்கு அனுப்பிவரும் பீங்கான் நகரம் அது. இத்தொழிலில் பெண்களின் கைகளுக்கும் பங்குண்டு. பச்சைப் பொம்மையின் விளிம்பைச் சீராக்குவதும், ஈரத் துணியால் துடைத்து மழமழப்பாக்குவதும், வண்ணம் தீட்டுவதும் பொறுமை மிக்க கைகள் செய்யும் பணிகளாகும்.

அத்தகைய கைகளையுடைய ஒரு பெண்ணை வாசகர்கள் நம்முடன் சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். அவளுக்குப் பெயர் வேண்டா. நம் பங்குகளில் அவளைப் போன்றோர் பலர் உளர். மணமாகி நான்கு ஆண்டுகள் பிள்ளையின்றி இருந்தவள். விருத்தாசலம் வட்டத்துக் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி மாதா ஆலயத்திற்கு மாமியாருடன் சென்று மன்றாடி வந்தவள். இப்பொழுது மூன்று மாதம் நிறைந்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இரட்டைக் குழந்தைகள் என்று மருத்துவர் கூறிவிட்டார். வீடு முழுவதும் மகிழ்ச்சி. இரட்டை வாழைப்பழம் தின்றதன் பலன் என்று அண்டை வீட்டார் வேடிக்கை பேசினர்.

ஆனால் அவளோ நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தாள். இரண்டு குடம் நீர் எடுத்து வருவதற்குள் மூச்சு வாங்கிற்று. இரவில் நெஞ்சு படபடத்தது. “இரட்டைப் பிள்ளை சுமக்கிறவள் களைத்துத்தான் போவாள், நாங்கள் எல்லாம் பெறவில்லையா?” என்று மாமியார் ஆறுதல் கூறினார். அக்கூற்றில் அன்பு இருந்தது, ஆபத்தும் இருந்தது. ஏனெனில், அவள் முந்தானை முடிச்சில் ஒரு சிறு துண்டு, சுடாத களிமண் இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அதைச் சிறிது சிறிதாகக் கடித்துத் தின்றுவந்தாள். வெட்கத்தால் அதை எவரிடமும் சொல்லவில்லை.

இவ்விதழில் நாம் பேச விழைவது அந்த முடிச்சைப் பற்றியே.

மண் கேட்கும் நா

கருவுற்ற பெண்டிர் மண்ணை விரும்பி உண்பது புதிய செய்தியன்று. சங்க காலத்திலேயே இது நம் மக்கள் நன்கறிந்த வழக்கமாக இருந்தது என்பதற்குப் புறநானூற்றின் 20 ஆம் பாடல் சான்றாகும். இன்றும் சிலர் அடுப்புச் சாம்பலையும், சிலர் செங்கற்பொடியையும், சிலர் சிலேட்டுக் குச்சியையும், சிலர் ஊறாத பச்சரிசியையும் தேடுகின்றனர். மசக்கையின் விளையாட்டு என்று பெரியோர் சிரித்துவிடுவதுண்டு.

மருத்துவம் இதனைச் சிரித்துத் தள்ளுவதில்லை. உணவல்லாத பொருளை நா இடைவிடாது நாடுமாயின், உடலில் இரும்புச்சத்துக் குறைந்திருக்கக் கூடும் என்பதற்கு அஃது ஓர் அறிகுறியாகும். இரும்புச்சத்தை ஈடுசெய்தவுடன் இந்த வேட்கை பலருக்குத் தானே நின்றுவிடுகின்றது. ஆகவே மண் தின்னும் பெண் கெட்ட பழக்கம் உடையவள் அல்லள். குறை ஒன்று அவளுள் இருந்து குரல் கொடுக்கின்றது. அவளை ஏசுவது, அழும் குழந்தையின் பசியை அறியாமல் அதன் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

எனினும், மண் அந்தக் குறையைத் தீர்ப்பதில்லை, மிகுதிப்படுத்தவே செய்கின்றது. சிலவகைக் களிமண் குடலில் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு, உடல் அதனை ஏற்காதவாறு தடுத்துவிடும். அசுத்தமான மண்ணின் வழியே குடற்புழுக்களின் முட்டைகள் உட்செல்லும். பீங்கான் தொழில் நடைபெறும் ஊரிலோ இன்னும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பீங்கான்மீது பளபளப்புக்காகப் பூசப்படும் கலவைகளில் சிலவற்றிலும், சில வண்ணங்களிலும் ஈயத்தின் சேர்மங்கள் கலந்திருப்பதுண்டு. ஈயம் இரத்தம் ஊறுவதைத் தடுக்கும். நஞ்சுக்கொடியைக் கடந்து கருவிலுள்ள சிசுவையும் சென்றடையும். மூளை வளர்ச்சிக்கு ஊறு விளைவிக்கும். ஆதலின், பட்டறைத் தரையிலிருந்து எடுத்த துண்டு எதனையும் கர்ப்பிணி வாயில் வைத்தலாகாது. பூச்சுக் கலவையைக் கையாளும் பெண்கள் கருவுற்றதும் அதனை மருத்துவரிடம் தெரிவித்து, வேறு பணி கேட்டுப் பெறுதல் நலம். உண்ணுமுன் சோப்பிட்டுக் கை கழுவுதலும், வேலை உடையை வீட்டிற்குள் கொணராதிருத்தலும் நல்ல காப்புகளாகும்.

ஏன் இருமடங்கு கவலை?

தாயின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் உள்ளன. அவற்றினுள் ஹீமோகுளோபின் என்னும் பொருள் இருக்கின்றது. நாம் சுவாசிக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது அதுவே. அதனை ஆக்குவதற்கு இரும்புச்சத்து வேண்டும். ஒரே சிசுவைச் சுமக்கும் தாய்க்குக் கூட, கர்ப்ப காலம் முழுவதற்குமாக ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகின்றது. சிசுவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் ஒரு பங்கு. பெருகும் தாயின் இரத்தத்திற்கு ஒரு பெரும் பங்கு. அன்றாட இழப்பிற்கு ஒரு பங்கு என அது செலவாகின்றது. நம் பெண்களில் பலர் இந்தக் கணக்கைத் தொடங்கும்போதே கையிருப்பு இல்லாதவர்களாகத்தான் தொடங்குகின்றனர்.

கருவில் இருவர் வளர்வார்களாயின் செலவு பெருகும், சேமிப்போ அதேதான். மேலும், இரட்டைக் கருவைத் தாங்கும் உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி மிகுதியாகப் பெருகுவதால், சிவப்பணுக்கள் மேலும் நீர்த்துத் தோன்றும். இரட்டைக் கர்ப்பத்தில் இரத்தசோகை மிகுதியாகக் காணப்படுவதற்கு இவையே காரணங்கள்.

இந்தக் குறை ஏதோ சில வீடுகளுக்கு மட்டும் உரியதென்று எவரும் எண்ணற்க. 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளுள் 100க்கு 48 பேர் இரத்தசோகை உடையவர்கள். இந்தியா முழுவதற்கும் அந்த எண் 52 ஆகும். ஆகவே ஞாயிறு திருப்பலியில் நம்முடன் முழந்தாளிட்டிருக்கும் கர்ப்பிணிகள் இருவருள் ஒருவருக்கு இக்குறை இருக்கக் கூடும்.

சென்னை கோஷா மருத்துவமனையில் கிடைத்த பாடம்

இரத்தசோகைக்கு இரும்புக் குறை ஒன்றே காரணமன்று. இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாற்றில் நம் தமிழகத்திற்கும் ஓர் இடமுண்டு.

லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928 இல் இந்தியா வந்தார். பம்பாயில் நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள், கருவுற்ற காலத்தில் கடுமையான ஒருவகை இரத்தசோகையால் துன்புற்றதை அவர் ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931 இன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா மருத்துவமனையிலும் அவர் பணியாற்றினார். இன்று அரசு கஸ்தூர்பா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை என நாம் அறிவது அதுவே. அந்நோய் கிருமியால் வருவதன்று, உணவின் வறுமையால் வருவது என்று அவர் கண்டார். மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அப்பெண்கள் தேறினர். 1931 இல் அச்செய்தியை மருத்துவ உலகுக்கு அறிவித்தார். அந்தச் சாற்றில் அடங்கியிருந்த சத்துப்பொருளை ஆய்வாளர்கள் அவர் பெயராலேயே அழைத்தனர். பின்னர் 1941 இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, ‘இலை’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர்பெற்றது அதுவே ஆகும்.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குத் தரப்படும் மாத்திரையில் இரும்புடன் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருப்பதன் பின்னணி இஃதே. ஏழைத் தாய்மாரின் வெளுத்த முகங்களை ‘இயற்கை’ என்று விட்டுவிட மறுத்த ஒரு பெண்ணின் பிடிவாதம் அம்மாத்திரையில் அடங்கியுள்ளது. இரட்டைக் கருவைத் தாங்குவோருக்கு ஃபோலிக் அமிலத்தின் தேவையும் மிகுதி என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

தாளில் எழுதப்பட்ட எண்

கர்ப்பிணியின் கையேட்டில் ஹீமோகுளோபின் அளவு எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்கக் கணவரும் மாமியாரும் கற்றுக்கொள்ள வேண்டும். 11 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் நன்று. 10 முதல் 10.9 வரை இலேசான குறை. 7 முதல் 9.9 வரை நடுத்தரக் குறை. 7க்குக் கீழே கடுங்குறை. அந்நிலையில் வீட்டில் வைத்து வைத்தியம் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

குறை இல்லாத கர்ப்பிணிக்கும், நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒரு மாத்திரை வீதம் குறைந்தது 180 நாட்கள் தருவது இந்நாட்டு முறை. ஒவ்வொரு மாத்திரையிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. குழந்தை பிறந்தபின் மேலும் 180 நாட்களுக்கு அது தொடர வேண்டும். குறை இருப்போர்க்கு நாளொன்றுக்கு இரண்டு மாத்திரைகள் தருவது வழக்கம். இரட்டைக் கர்ப்பத்தில் எவ்வளவு வேண்டும் என்பதை மருத்துவர்தாம் முடிவு செய்தல் வேண்டும். நாமாகக் கூட்டுவதும் குறைப்பதும் தகாது. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதத்திற்குள் குடற்புழு நீக்க மாத்திரை ஒன்றையும் மருத்துவ ஆலோசனைப்படி விழுங்க வேண்டும். கொக்கிப் புழுக்கள் வெறுங்காலின் தோல் வழியே நுழைந்து, குடலில் ஒட்டி, இரத்தத்தை உறிஞ்சுபவை. ஆதலால் கொல்லைக்குச் செல்லும்போதும் காலில் செருப்பு வேண்டும்.

ஒரு மாதம் ஒழுங்காக உட்கொண்டும் அளவு 1 கிராம் அளவிற்காவது உயரவில்லையெனில், வேறு காரணம் உண்டா என்று ஆராய வேண்டும். பி12 வைட்டமின் குறை, பரம்பரை இரத்தக் குறைபாடு, புழு, மறைந்த இரத்தப்போக்கு ஆகியவற்றுள் ஒன்று இருக்கலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதோர்க்கும், மாதங்கள் கடந்து வந்தோர்க்கும் இரும்புச்சத்தை ஊசி வழியாக இரத்த நாளத்தில் ஏற்றும் முறை மருத்துவமனைகளில் உண்டு. அதுவும் போதாத நிலையிலேதான் இரத்தம் ஏற்றப்படுகின்றது.

இம்மாத்திரையைப் பற்றி நம் ஊர்களில் உலவும் வதந்திகள் சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்பது முற்றிலும் பொய். பிள்ளை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்பதும் வீண் அச்சமே. மலம் கறுத்துப் போவது உண்மை. அதனால் தீங்கொன்றும் இல்லை. குமட்டல் இருந்தால் உணவுக்குப் பின்னோ, படுக்கப் போகுமுன்போ உட்கொள்ளலாம். தேநீருடனும் காப்பியுடனும் பாலுடனும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையுடனும் சேர்த்து விழுங்கினால் இரும்புச்சத்து வீணாகிவிடும். இரண்டு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ உடன் சேர்ந்தால் நன்கு உடலில் சேரும்.

உணவென்று பார்த்தால், விலையுயர்ந்தவை எதுவும் தேவையில்லை. முருங்கைக் கீரை, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், நெத்திலிக் கருவாடு, முட்டை, இறைச்சி ஆகியவை நம் வீடுகளுக்குத் தெரிந்த பொருள்களே. ஆனால், ஏற்கெனவே குறைந்துவிட்ட இரத்தத்தை உணவால் மட்டும் ஈடுசெய்ய முடியாது. கீரையும் வேண்டும்; மாத்திரையும் வேண்டும்.

குருதிக்கு அப்பால்

வயிறு பெரிதாக இருப்பதற்குச் சோகை மட்டுமன்றி வேறு சில சோதனைகளும் வரக்கூடும். அவற்றை அறிந்து வைத்தல் அச்சத்திற்காக அன்று, காலத்தே உதவி நாடுவதற்காக.

முதலாவது, 11 முதல் 14 வாரங்களுக்குள் ஸ்கேன் எடுக்க வேண்டும். அது ஆணா பெண்ணா என்று அறிவதற்கன்று. அவ்வாறு அறிவதும் அறிவிப்பதும் 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். கடவுளின் கொடையை எடைபோடும் பாவமும் ஆகும். இரு சிசுக்களும் தத்தமக்கென நஞ்சுக்கொடி உடையனவா, ஒன்றையே பகிர்ந்துகொள்கின்றனவா என்பதை அறிவதற்கே அந்த ஸ்கேன். தனித்தனி நஞ்சு உடையனவாயின் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் பார்ப்பது வழக்கம். ஒரே நஞ்சைப் பகிர்வனவாயின் 16 ஆம் வாரம் முதல் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஏனெனில் ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டைகளுள் 100க்கு 10 முதல் 15 வரை, ஒரு சிசுவின் குருதி மற்றொன்றுக்கு மிகுதியாகச் சென்றுவிடும் நிலை ஏற்படுகின்றது. ஒன்று வாடும், மற்றொன்று திணறும். திடீரென்று வயிறு பெருத்து மூச்சு முட்டினால் இதுவாக இருக்கலாம். காலத்தே கண்டால் லேசர் சிகிச்சையால் காக்க வழியுண்டு.

இரண்டாவது, இரத்த அழுத்தம். ஒரே சிசுவைச் சுமப்போரைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக இரட்டைக் கர்ப்பத்தில் இது தோன்றுகின்றது. தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், மேல்வயிற்று வலி ஆகியவற்றுள் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரை நாட வேண்டும். இந்நோயைத் தடுக்கச் சிலருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையை மருத்துவர் முன்கூட்டியே தொடங்குவதுண்டு. சர்க்கரை நோய்ச் சோதனையையும் தவறவிடக் கூடாது.

மூன்றாவது, குறைமாதப் பிறப்பு. இரட்டையருள் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரங்கள் நிறையுமுன்பே பிறந்துவிடுகின்றனர். வயிறு அடிக்கடி கல்லாக இறுகுதல், இடுப்பு வலி, நீர்க்கசிவு, இரத்தக் கசிவு ஆகியவை தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்தால், சிசுக்களின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியைத் தாய்க்குப் போட முடியும். அதனால் பிழைக்கும் பச்சிளங்குழந்தைகள் ஏராளம்.

நான்காவது, பிரசவத்திற்குப் பிந்திய இரத்தப்போக்கு. அளவுக்கு மீறி விரிந்த கருப்பை, பிள்ளைகள் பிறந்தபின் சுருங்கத் தயங்கும், இரத்தம் பெருகும். 12 கிராம் உள்ள தாய் தாங்கிக்கொள்ளும் இழப்பை 7 கிராம் உள்ள தாய் தாங்கமாட்டாள். கர்ப்ப காலத்தில் விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையும் அந்த ஒரு மணி நேரத்திற்கான சேமிப்பாகும் என்று சொன்னால் மிகையாகாது.

ஆகவே, இரட்டைப் பிரசவம் வீட்டிலோ சிறிய நிலையத்திலோ நடத்தற்குரியதன்று. அறுவை சிகிச்சையும், இரத்த வசதியும், பச்சிளங்குழந்தைகளுக்குரிய தீவிரப் பிரிவும் உள்ள மருத்துவமனையை ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். விருத்தாசலத்து அரசு மருத்துவமனையில் பதிவு செய்து பார்த்துவருவோர், மேல்சிகிச்சை வேண்டுமெனில் எங்கே அனுப்புவார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்ளலாம். சிதம்பரத்திலும் முண்டியம்பாக்கத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும், புதுச்சேரியில் ஜிப்மரும் உள்ளன. 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 ஊர்தியை அழைக்க எவரும் தயங்க வேண்டா. 1987 இல் தொடங்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பதிவு செய்துகொள்வதும் அவசியம். 2018 இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட அவ்வுதவியில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் அடங்கும். அப்பெட்டகம் தாய் உண்பதற்கே, விருந்தினருக்குப் பரிமாறுவதற்கன்று.

நேர்ச்சையும் நோன்பும்

நம் குடும்பங்களுக்கே உரிய ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெடுநாள் காத்துக் கருவுற்ற பெண், நன்றி மிகுதியால் தவக்காலம் முழுவதும் ஒருபொழுது இருப்பதையும், புலால் மறுப்பதையும், வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொள்வதையும் நாம் கண்டிருக்கிறோம். அந்தப் பக்தியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் நோன்புக் கடமையால் திருச்சபை நெருக்குவதில்லை. தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து நியாயமான காரணத்திற்காக விலக்களிக்கும் அதிகாரமும் பங்குத் தந்தைக்குத் திருச்சபைச் சட்டத்தில் வழங்கப்பட்டுள்ளது. ஆகவே, அத்தகைய நேர்ச்சை செய்தவர்கள் தயங்காது பங்குத் தந்தையை அணுகுவார்களாக. மூன்று உயிர்களுக்காக உண்ணும் முட்டையும் ஒரு காணிக்கையே.

கணவன்மாருக்கும் ஒரு சொல். மனைவிக்கு மாத்திரையை நினைவூட்டுவது, குடத்தைத் தாம் எடுப்பது, பரிசோதனைக்கு உடன் செல்வது ஆகியவை ஆண்மைக்கு இழுக்கல்ல. இரத்தம் தேவைப்படும் நாளில் எங்கெங்கோ ஓடுவதைவிட, முன்னரே தம் இரத்த வகையை அறிந்து தானம் செய்து வைப்பது சிறப்பு. 18 வயது நிறைந்து, 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ள உடல்நலம் வாய்ந்த ஆண், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இரத்த தானம் செய்யலாம். நமக்காகக் குருதி சிந்திய ஆண்டவரின் பிள்ளைகளுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. பங்கு இளைஞர் குழுக்கள் இதனைத் தம் ஆண்டுப் பணிகளுள் ஒன்றாக ஏற்கலாம்.

மாமியார்மாருக்கும் தாய்மாருக்கும் ஒன்று. ஏழாம் மாதம் வளைகாப்புக்குப் பல்வகைச் சோறு சமைக்கும் நம் வீடுகள், அதே வாரத்தில் அவளது இரத்தத்தையும் சோதித்துப் பார்த்தால் அந்தச் சடங்கு நிறைவு பெறும். வீட்டார் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை மருமகள் உண்ணும் பழக்கம் இன்னும் எங்கேனும் இருக்குமாயின், அது இன்றே ஒழிவதாக.

ரெபேக்காள் கேட்டாள்

திருநூலில் முதன்முதலாக இரட்டையரைச் சுமந்த தாயாக நாம் சந்திப்பவள் ரெபேக்காள். மலடி என்றிருந்தவளுக்காக ஈசாக்கு மன்றாட, அவள் கருத்தரித்தாள் என்று தொடக்கநூல் 25 ஆம் அதிகாரம் கூறுகின்றது. பிள்ளைகள் அவள் வயிற்றில் ஒருவரையொருவர் முட்டிமோதின. அப்போது அவள் என்ன செய்தாள்? இது தாய்மையின் இயல்பு என்று வாய்மூடி இருக்கவில்லை. தனக்கு ஏன் இப்படி நேருகின்றது என்று ஆண்டவரிடமே கேட்கச் சென்றாள். கேட்டதற்காக ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, பதில் அளித்தார்.

நம் தமிழ் மண்ணுக்கு நற்செய்தி கொணர்ந்த தோமாவும் ‘திதிம்’ என அழைக்கப்பட்டவர். ‘இரட்டையர்’ என்பதே அதன் பொருள். கேட்டுத் தெளிந்து நம்பியவர் அவர். கேட்பது விசுவாசக் குறைவன்று.

நாம் எண்ணிப் பார்த்த அப்பெண்ணின் வீட்டிற்கு இனித் திரும்புவோம். ஒரு நாள் கிராம சுகாதாரச் செவிலியர் வருகிறார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்க்கிறார். கையேட்டில் 8.6 என்றிருக்கின்றது. அவர் ஏசவில்லை. அருகில் அமர்ந்து, “மண், சாம்பல் ஏதாவது தின்ன ஆசை வருகிறதா அம்மா? பலருக்கும் வரும், சொல்வதில் வெட்கமில்லை” என்று மட்டும் கேட்கிறார். சிறிது நேரம் மௌனம். பிறகு முந்தானை முடிச்சு அவிழ்கின்றது. மாமியார் அந்த மண் துண்டைப் பார்க்கிறார். “நானும் தின்றேனம்மா, என் மாமியாரிடம் சொல்லப் பயந்தேன்” என்கிறார்.

அன்றிலிருந்து மாத்திரைப் பொறுப்பை மாமியார் ஏற்கிறார். குடத்தைக் கணவர் எடுக்கிறார். பட்டறையில் அமர்ந்து செய்யும் இலகுவான பணி கிடைக்கின்றது. மாதந்தோறும் அந்த எண் ஏறுகின்றது. மண்ணின் மீதிருந்த ஆசை மெல்ல மறைகின்றது. இது நாம் புனைந்த காட்சிதான். ஆனால் இதில் நிகழ்ந்தவற்றுள் ஒன்றுகூட ஏழை வீட்டுக்கு எட்டாத செயலன்று.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் தெருவில் வெளுத்த முகத்துடன் நடக்கும் கர்ப்பிணி எவரேனும் உண்டா? கன்னி மரியாள் தாமே கருவுற்றிருந்தும், முதிய வயதில் கருவுற்ற எலிசபெத்தின் வீட்டிற்கு விரைந்து சென்று மூன்று மாத அளவு உடன் தங்கினார். நமக்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, களைப்பாக இருக்கிறதா, கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் போதும். அந்தக் கேள்விக்காகவே ஒரு முடிச்சு காத்திருக்கக் கூடும்.

பெரியநாயகி மாதா நம் தாய்மாரையும் அவர்தம் வயிற்றுக் கனிகளையும் காப்பாராக.